கந்தோரில் எடுபிடி வேலை, வெளியே வேறு வேலை தேடல்: விடுவதா, பொறுப்பதா?

வவுனியாத்தம்பி:

வணக்கம். கொழும்பு கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். நியமனக் கடிதத்தில் கணக்கு உதவியாளர் என்று போட்டிருக்கிறது. 2021 நவம்பரில் சேர்ந்தேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவு, ஏ.ஏ.டி என்ற கணக்கியல் படிப்பு அரைவாசியில் நிற்கிறது.

நான் உண்மையில் செய்கிற வேலையைச் சொல்கிறேன். வருகிற இன்வொய்ஸ்களைத் திகதிப்படி அடுக்கி, ஓட்டை போட்டு, பைலில் கோர்ப்பது. ஸ்கேன் எடுப்பது. யாரோ ஒருவர் போட்ட எண்களை எக்ஸல் தாளில் திரும்ப அடிப்பது. செக்குகளை வங்கிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது. போட்டோகொப்பி. முன்பு இருந்த பியோன் ஐயா ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அதனால் மீட்டிங் நாட்களில் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுப்பதும் கோப்பைகளை எடுப்பதும் என் பொறுப்பாகிவிட்டது. அந்த ஐயா அந்த வேலையை அவ்வளவு ஒழுங்காகவும் மரியாதையாகவும் செய்தவர், அதை நான் குறைவாக நினைக்கவில்லை. கணக்கு வேலை பழக்குவோம் என்று சொல்லி என்னை எடுத்துவிட்டு, எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதைப் பழக்கிக்கொண்டு, என்னைக் கோப்பையோடு நிறுத்தியதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்கிறார் மனேஜர். ஒவ்வொரு வருஷமும் அதே பதில்.

2022இலேயே விட நினைத்தேன். ஆனால் அப்போது பெற்றோல் வரிசையும் 13 மணித்தியால மின்வெட்டுமாக நாடே குழம்பிக் கிடந்தது, இருக்கிற வேலையை விட யாருக்கும் துணிவு வரவில்லை. இப்போது டொப்ஜொப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பார்த்துப் பார்த்து விண்ணப்பிக்கிறேன், பதில் வருவது குறைவு. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டாலும் லீவு எடுப்பது பெரிய பாடு, ஏன் எதற்கு என்று ஆயிரம் கேள்வி. ஐந்து மணிக்கு முடிய வேண்டிய வேலை ஆறரை, ஏழு வரை இழுபடுகிறது. அதற்கு ஓவர்டைம் இல்லை. ரயில் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தால் அறையில் நாலு பேர், படிக்கவும் ஏலாது, யோசிக்கவும் ஏலாது. ஞாயிறு பின்னேரம் ஆனாலே நெஞ்சு பாரமாகிவிடுகிறது.

அடிப்படைச் சம்பளம் 60,000. வீட்டுக்கு மாதம் 20,000 அனுப்புகிறேன். அப்பாவுக்கு நான் கொழும்பில் கணக்காளராக இருக்கிறேன் என்ற நினைப்பு, அதை உடைக்கவும் மனம் வரவில்லை.

இப்போதே கடிதத்தைக் கொடுத்துவிட்டு முழு நேரமாக வேலை தேடலாமா? இல்லை, கிடைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? இருப்பதானால் எப்படி இருப்பது? சீ.வி எழுத உட்கார்ந்தால் இத்தனை வருஷத்தில் என்ன செய்தாய் என்ற இடத்தில் ஒன்றுமே எழுத வரவில்லை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பேரேடு:

தம்பி, கடிதத்தை எழுத முன்னம் கலண்டரைப் பாருங்கள். 2021 நவம்பரில் சேர்ந்தவருக்கு இந்த நவம்பரோடு ஐந்து வருஷம் முடிகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் பூர்த்தி செய்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். நீங்களாக விலகினாலும் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்குக்கு 30,000 பெருக்கல் ஐந்து, 150,000 ரூபாய். நாலு வருஷம் பதினொரு மாதத்தில் போனால் சட்டப்படி ஒரு சதமும் கேட்க முடியாது. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: கடிதம் கொடுக்கிற நாளைப் பார்ப்பதில்லை, கடைசியாக வேலை செய்த நாளைத்தான் பார்ப்பார்கள். ஒரு மாத நோட்டீஸ் என்றால் கடிதத்தை முன்கூட்டியே கொடுக்கலாம், கடைசி நாள் அந்த ஐந்து வருஷத் திகதிக்குப் பிறகு விழுந்தால் போதும்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்). உங்களிடம் 8 வீதம் வெட்டுகிறார்கள், அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்) அவர்களே தனியாக 3 வீதம். 60,000க்கு மாதம் 4,800, 7,200, 1,800. சம்பளத் துண்டில் வெட்டியதாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் போட்டிருக்கிறார்களா என்று கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். போடாமல் விட்டிருந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். இதை வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது, போன பிறகு கடிதம் கேட்டு அலைவது பெரும் துன்பம்.

சரி, சீ.வி விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒன்றுமே எழுத வரவில்லை" என்று நீங்கள் சொன்னது எனக்குச் சரியான கவலையாக இருந்தது. நான் கணக்குப் பிரிவில் ஆட்களை நேர்முகம் செய்கிறவள். கணக்காய்வு நடக்கும் மாதத்தில் வருகிற பிள்ளைகள் வவுச்சர் கேட்டு யாரிடம் வருவார்கள்? மனேஜரிடம் வரமாட்டார்கள், பைல் வைத்திருக்கிறவரிடம்தான் வருவார்கள். ஒரு கொள்வனவு ஓடர் போய், பொருள் வந்து, பொருள் கிடைத்ததற்கான ஜீ.ஆர்.என் குறிப்புப் போட்டு, இன்வொய்ஸ் வந்து, செக் எழுதப்படும்வரை இந்தக் கடதாசிகள் எல்லாம் உங்கள் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. எந்த சப்ளையர் எப்போதும் ஜீ.ஆர்.என் இல்லாமல் பில் அனுப்புவான், யாருடைய இன்வொய்ஸில் வட் (பெறுமதி சேர் வரி) இலக்கம் இருக்காது, எந்த பில் இரண்டு தரம் வந்தது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஜனவரியில் வட் 15 இலிருந்து 18 வீதமானபோது பழைய வீதத்தில் வந்த இன்வொய்ஸ்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது யார்? நீங்களாக இருந்தால் அதை எழுதுங்கள். மாதம் ஏறத்தாழ எத்தனை இன்வொய்ஸ் கையாளுகிறீர்கள் என்று பைலைப் பார்த்து எண்ணி எழுதுங்கள். செக் வைப்புச் செய்கிறீர்கள் என்றால் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேளுங்கள். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் செய்தாலே சீ.வியில் வங்கி இணக்கக் கூற்று என்று உண்மையாக எழுதலாம், நேர்முகத்தில் கேட்டால் பதிலும் வரும்.

பொய் மட்டும் எழுத வேண்டாம். முழுக் கணக்கையும் நானே முடித்தேன் என்று எழுதிவிட்டு வருகிறவர்களை இரண்டாவது கேள்வியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

---

கொட்டாஞ்சேனைப் பாலன்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அந்த 150,000ஐ வைத்து ஒருவரைக் கட்டிப்போடவும் கூடாது. நாளைக்கே 85,000 அடிப்படைச் சம்பளத்தில் நல்ல வேலை ஒன்று வந்தால் மாதம் 25,000 கூட. ஆறு மாதத்தில் அதே 150,000 கைக்கு வந்துவிடும், கணக்கு வேலையும் பழகிவிடுவீர்கள். நவம்பருக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் என்ற நிலையில் வந்தால் புதிய இடத்தில் சேரும் திகதியைத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்கலாம், ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலான இடங்களில் காத்திருப்பார்கள். நிறைய மாதம் இருக்கும்போது வந்தால் பணிக்கொடையை மறந்துவிட்டுப் போங்கள்.

வேலை இல்லாமல் விலகுவதைப் பற்றி: நான் அப்படி விலகித்தான் தேடினேன், எனக்குச் சரி வந்தது. ஆனால் நான் இருந்தது கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டில். வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில், தம்பியும் உழைக்கிறான். நீங்கள் வாடகை கட்டிக்கொண்டு வீட்டுக்கும் காசு அனுப்புகிறவர். கையில் நாலைந்து மாதச் செலவுக் காசு இல்லாமல் விலகினால் இரண்டாவது மாதம் அறைக் காசுக்காக வருகிற முதல் வேலையை எடுப்பீர்கள், அது இதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். அதனால் உங்கள் நிலையில் நான் விலகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. உடம்புக்கு வருத்தம் வருகிறது, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற அளவுக்குப் போனால் காசுக் கணக்கு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அப்பாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளை நல்லாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைப்பார், பதவிப் பெயரை வைத்து அவர் என்ன செய்யப் போகிறார்?

---

வவுனியாத்தம்பி:

பேரேடு அக்கா, பணிக்கொடை என்று ஒன்று இருப்பது தெரியும், ஐந்து வருஷக் கணக்கு தெரியாது. எங்கள் இடத்தில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். வட் மாறியபோது அந்த இன்வொய்ஸ்களைப் பிரித்து எடுத்தது நான்தான், அதை ஒரு வேலை என்றே நினைக்கவில்லை. பாலன் அண்ணா, அப்பாவிடம் இந்த முறை ஊருக்குப் போகும்போது கதைக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. நேர்முகத்துக்கு லீவு எப்படிக் கேட்பது? சீ.வியில் உறவினர் அல்லாத இரண்டு பேரைச் சான்றுக்குப் போடச் சொல்கிறார்கள், மனேஜரைப் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே, யாரைப் போடுவது?

---

எச்ஆர் மேசை:

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

உங்கள் வேலை 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வருகிறது. இரண்டாவது வருஷத்திலிருந்து வருஷத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. அந்த 7 நாளையும் சொந்த அலுவல், சுகயீனம், நியாயமான வேறு காரணம் என்று சட்டமே சொல்லித்தான் கொடுக்கிறது. ஆகவே படிவத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். கேள்வி கேட்டால் "வீட்டு அலுவல் ஒன்று, சேர்" என்று ஒரே வசனம். கதை கட்டினால் அடுத்த முறை அந்தக் கதையைக் காப்பாற்ற வேண்டி வரும், செத்துப்போன பாட்டியை இரண்டாம் தரம் கொல்லும் நிலைக்கு ஆட்கள் வந்ததைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். அரை நாள் எடுக்க முடிந்தால் அரை நாளாக எடுங்கள். அதைவிட, நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறவரிடமே காலை எட்டு மணிக்கோ வேலை முடிந்தோ, ஸூமிலோ செய்யலாமா என்று கேளுங்கள். இன்னொரு இடத்தில் வேலை செய்துகொண்டு தேடுகிறவர் என்று எங்களுக்குத் தெரியும், அப்படிக் கேட்பதை யாரும் குறையாக எடுப்பதில்லை. முதல் நேர்முகத்தைப் போனில் முடித்துவிடுகிற இடங்களும் நிறைய.

ஓவர்டைம் பற்றி. அதே சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, சாப்பாட்டு நேரம் சேராமல். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். இதற்காக இப்போதே சண்டைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் முடிவு. ஆனால் எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கைரேகை மெஷின் இருந்தால் அதன் பதிவையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு தொழில் திணைக்களத்துக்குப் போக நினைத்தால் இது இல்லாமல் கதைக்க முடியாது.

சான்றுக்கு இப்போதைய மனேஜரைப் போட வேண்டாம். அந்தக் கம்பனியை விட்டுப் போன மூத்தவர் ஒருவர் இருந்தால் அவர் மிக நல்லவர், உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர், இனி உங்கள் மனேஜருக்குப் பயப்படவும் தேவையில்லை. இன்னொருவர் ஏ.ஏ.டி வகுப்பு ஆசிரியராக இருக்கலாம். இருவரிடமும் முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போடுங்கள், கேட்காமல் போட்டு நாங்கள் கூப்பிடும்போது "யார் அந்தத் தம்பி?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறேன் என்ற பச்சை வளையத்தைப் போட வேண்டாம், ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் பாவியுங்கள். அதுவும் நூறு வீதம் மறைக்காது, ஆனால் வளையத்தைவிட நல்லது. கந்தோர் கம்பியூட்டரில் சீ.வி திறக்கவே வேண்டாம், கந்தோர் மின்னஞ்சலும் வேண்டாம்.

நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, சம்பள உயர்வுக் கடிதம் ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் இப்போதே பிரதி எடுத்து அறையில் வையுங்கள். புதிய இடத்தில் கட்டாயம் கேட்பார்கள். விலகும்போது சேவைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வர வேண்டாம், அதில் பதவிப் பெயர் நியமனக் கடிதத்தில் உள்ளபடி 'கணக்கு உதவியாளர்' என்றே இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். வருஷக்கணக்காக நீங்கள் பட்டதுக்கு அந்தச் சொல்லாவது சரியாக வர வேண்டும்.

---

தெமட்டகொட நானா:

தம்பி, எல்லாரும் விலகுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் நாளைக்குக் காலையும் அங்கே போகத்தானே வேண்டும், அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலாவது, ஏழு மணிவரை இருப்பதை நிறுத்துங்கள். ஒரேயடியாக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளைத் தெரிந்து, செவ்வாயும் வியாழனும் என்று வையுங்கள், மனேஜரிடம் காலையிலேயே சொல்லுங்கள்: இன்றைக்கு வகுப்பு இருக்கிறது, ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும். பின்னேரம் சொன்னால் அந்த நேரத்தில் ஒரு வேலையைத் தூக்கிப் போடுவார்கள், காலையில் சொன்னால் போடமாட்டார்கள். உண்மையிலேயே வகுப்பில் சேருங்கள், அந்த ஏ.ஏ.டியைத் திரும்பத் தொடங்குங்கள், காசு கஷ்டமென்றால் ஒரு பாடமாக எடுங்கள். நான் ராஜகிரியவில் அரசகரும மொழிகள் திணைக்களத்தில் சிங்களம் படித்தது இப்படி ஒரு வேலையில் இருந்தபோதுதான். பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்ற நிலையில் இருந்தேன். எழுதப் பழகிய பிறகு கடிதம் எழுதுகிற வேலையெல்லாம் என்னிடம் வந்தது, பிறகு அதை வைத்தே வெளியே போனேன்.

அறையில் படிக்க ஏலாது என்றீர்கள். வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்கள், 57வது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நல்ல நூலகம். விஹாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகமும் இருக்கிறது. விண்ணப்பம் அனுப்புவதையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், சனி பின்னேரம் ஒரு தரம் இருந்து முழுதாக முடியுங்கள். ஒவ்வொரு இரவும் படுக்கையில் போனைப் பார்த்து நாலு இடத்துக்கு ஒரே சீ.வியை அனுப்பினால் பதிலும் வராது, மனமும் இன்னும் கெட்டுப்போகும். குறைவாக அனுப்புங்கள், விளம்பரத்தை வடிவாக வாசித்து அதற்கேற்ப மாற்றி அனுப்புங்கள்.

அந்தக் கோப்பை விஷயம். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது, இரவில் நினைத்து நினைத்து எரியும். நீங்கள் மனேஜரிடம் தனியாகப் போய், கோபப்படாமல், "சேர், மீட்டிங் நாட்களில் தேநீர் வேலை இருப்பதால் இன்வொய்ஸ் பதிவு பிந்துகிறது, அதற்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா, நான் அந்த நேரத்தில் வங்கிக் கணக்கு ஒப்பிடுவதைச் செய்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேரேடு அக்கா சொன்ன வேலையை இதோடு சேர்த்துக் கேட்பது நல்லது. முடியாது என்றாலும் பரவாயில்லை, கேட்டோம் என்ற நிம்மதி ஒன்று இருக்கும். பிறகு அதையே மின்னஞ்சலில் இரண்டு வரியாக எழுதி அனுப்பி வையுங்கள்.

கந்தோர் விட்டதும் நேரே அறைக்குப் போக வேண்டாம். ஒரு ஸ்டேஷன் முன்னால் பம்பலப்பிட்டியில் இறங்கி மெரின் டிரைவால் நடந்து போங்கள். கடல் காற்று பட்டால் கொஞ்சம் லேசாகும், அறையில் இருக்கிற பிள்ளைகளோடும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்க மாட்டீர்கள்.

---

வவுனியாத்தம்பி:

நானா, மிக்க நன்றி. எல்லாருக்கும் நன்றி. நவம்பர் வரை இருக்கிறேன், நல்லது வந்தால் முன்னமே போகிறேன். வங்கி ஒப்பீட்டு வேலையைத் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். ஒரே ஒரு விஷயம், நேர்முகத்தில் "ஏன் அங்கேயிருந்து வர நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் குறை சொல்கிற மாதிரி இருக்கும்.

---

பேரேடு:

உண்மையையே சொல்லுங்கள், அதில் வேலை சம்பந்தமான பாதியைச் சொல்லுங்கள். "அங்கே ஆவணங்களும் வங்கி வைப்பும்தான் என் பொறுப்பு, பேரேட்டு வேலைக்கு வாய்ப்பு வரவில்லை, நான் ஏ.ஏ.டி படித்துக்கொண்டிருக்கிறேன், படிப்பதைச் செய்கிற இடம் தேடுகிறேன்." இவ்வளவுதான். மனேஜரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், தேநீரைப் பற்றியும் வேண்டாம். அதையே கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், சிங்களத்திலும் ஒரு தரம், ஏனென்றால் நேர்முகத்தில் எந்த மொழியில் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

சீ.வியை எழுதி முடித்ததும் உங்கள் பெயர், கம்பனிப் பெயர், போன் இலக்கம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இங்கே போடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.